தள்ளுபடி வாரத்தில் ஸ்டேக்: சென்னைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் ஆண்டுக்குச் சில முறை உணவகங்களில் தள்ளுபடி வாரம் வருகிறது. செயலி வழியாக முன்பதிவு செய்தால் பில்லில் பாதி என்று சில இடங்கள் அறிவிக்கின்றன. சூப், ஸ்டேக் (தடிமனாக வெட்டிக் கல்லில் வாட்டிய இறைச்சித் துண்டு), இனிப்பு மூன்றும் சேர்த்து ஒரே விலை என்று வேறு சில இடங்கள். மற்ற நாட்களில் வாசலில் விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும் குடும்பங்களும், முதல் சம்பளம் வாங்கிய பிள்ளைகளும் ஸ்டேக் உணவகத்துக்குள் போவது பெரும்பாலும் அந்த வாரத்தில்தான். அவர்கள் நல்ல ஸ்டேக்கைச் சாப்பிட்டுவிட்டு வரவேண்டும் என்பது என் ஆசை. எத்தனை சதவீதம் தள்ளுபடி என்பதைவிட எந்தத் துண்டு, எத்தனை கிராம் என்பதுதான் முக்கியம். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் அதைச் சுற்றியே இருக்கும்.

இந்த வழக்கம் எங்கே தொடங்கியது?

நியூயார்க்கில், 1992 ஜூலையில். ஜனநாயகக் கட்சியின் மாநாட்டுக்காக ஊரில் கூட்டம் குவிந்த நேரம். உணவக வழிகாட்டி நூல்களை வெளியிட்டுவந்த டிம் ஸகட்டும், உணவகத் தொழிலில் பெயர்பெற்ற ஜோ பாமும் முன்னின்று நடத்தினார்கள். நல்ல உணவகங்களில் மதிய உணவு 19.92 டாலர், ஆண்டின் எண்ணையே விலையாக வைத்தார்கள். அது பிடித்துப்போய், உலகம் முழுவதும் பரவியது.

நமக்கு இது ஆடித் தள்ளுபடி மாதிரிதான். வியாபாரம் மந்தமாக இருக்கும் காலத்தில் ஆட்களை உள்ளே வரவைக்கும் ஏற்பாடு. ஆடியில் நல்ல பட்டை விலை குறைத்துத் தரும் கடையும் உண்டு, ஆடிக்கென்றே மட்டமான சரக்கைக் கொண்டுவந்து குவிக்கும் கடையும் உண்டு. உணவகங்களிலும் இந்த இரண்டு ரகமும் இருக்கின்றன.

புரட்டாசியில் தள்ளுபடி போட்டால் போகலாமா? பழைய இறைச்சியாக இருக்காதா?

நியாயமான சந்தேகம். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை பாதி ஊர் அசைவத்தைத் தொடாது. கார்த்திகையில் மாலை போடுகிறவர்கள், தவக்காலத்தில் இறைச்சியை ஒதுக்குகிற கிறிஸ்தவக் குடும்பங்கள் என்று ஆண்டு முழுவதும் இப்படிச் சில மந்தமான வாரங்கள் இருக்கின்றன. அசைவ உணவகங்களின் சலுகைகள் அந்த வாரங்களில் வருவது இயல்பு.

ஸ்டேக்கைப் பொறுத்தவரை அன்று வெட்டிய கறி என்பது ஒரு சிறப்பே அல்ல. அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துப்போகிறது. குளிர்பதனத்தில் காற்றுப் புகாமல் சில நாட்கள் வைத்திருந்தால்தான் அது மறுபடி தளர்ந்து மென்மையாகிறது. நல்ல ஸ்டேக் கடைகள் வேண்டுமென்றேதான் நாள் கடத்துகின்றன. கவலைப்பட வேண்டியது, உறையவைத்து, உருகவிட்டு, விற்காததால் மறுபடியும் உறையவைத்த இறைச்சியைப் பற்றி. அதைத் தட்டிலேயே கண்டுபிடிக்கலாம்: வெட்டும்போது தண்ணீர் நிறையக் கசியும், இறைச்சி நார்நாராகவும் சக்கையாகவும் இருக்கும். புளிப்பு வாடை அடித்தால் ஒரு வாய்கூடச் சாப்பிடாதீர்கள்.

புரட்டாசியிலும் மேசைகள் நிறையும் கடைக்குத் தயங்காமல் போகலாம். போவதற்கு முந்தைய நாள் தொலைபேசியில் அழைத்து, "நாளை இரவுக்கு எந்தெந்த ஸ்டேக் இருக்கும்?" என்று கேளுங்கள். பட்டியலில் உள்ள எட்டு வகையும் எப்போதும் இருக்கும் என்று சொல்லும் கடையைவிட, "இரண்டு வகைதான் சார், மற்றது வரவில்லை" என்று சொல்லும் கடையை நம்புவேன்.

இன்னொன்று: திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் சென்னையில் இறைச்சிக் கூடங்களும் கறிக்கடைகளும் மூடியிருக்கும். அந்த நாட்களை ஒட்டிப் போவதாக இருந்தால் இந்தக் கேள்வியை அவசியம் கேட்டுவிடுங்கள்.

பில்லில் பாதி, ஒரே விலை விருந்து: இரண்டில் எது லாபம்?

ஸ்டேக் சாப்பிடத்தான் போகிறீர்கள் என்றால், பெரும்பாலும் முதலாவது. வழக்கமான விலைப்பட்டியலிலிருந்து வழக்கமான துண்டு உங்களுக்கு வருகிறது, விலை மட்டும் குறைகிறது. ஒரே விலை விருந்தில் அந்த வாரத்துக்கென்று தனிப் பட்டியல் போடுவார்கள். அதில் 'கிரில்டு ஸ்டேக்' என்று மட்டும் இருக்கும். எந்த விலங்கு, உடலின் எந்தப் பகுதி, எத்தனை கிராம் என்ற விவரம் இருக்காது. அங்கேதான் விழிப்பு வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வழக்கமான பட்டியலில் 200 கிராம் அண்டர்கட் (முதுகெலும்பின் அடியில் இருக்கும் மென்மையான துண்டு) 1,400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு கிராமுக்கு 700 ரூபாய். தள்ளுபடி வார விருந்து 1,200 ரூபாய். அதில் ஸ்டேக் 120 கிராம், கூடவே சூப்பும் ஒரு சிறிய கேக் துண்டும். ஸ்டேக்கின் பங்கு வழக்கமான விலைப்படி 840 ரூபாய்; மீதி 360 ரூபாய் சூப்புக்கும் கேக்குக்கும் போகிறது. அவை உங்களுக்கு வேண்டும் என்றால் சரி. வேண்டாம் என்றால் அங்கே தள்ளுபடியே இல்லை. அதே கடை பில்லில் 30 சதவீதம் குறைத்தால் 200 கிராம் துண்டு 980 ரூபாய்க்கு வந்துவிடும்.

கிராம் கணக்கு பொதுவாகச் சமைப்பதற்கு முந்தைய எடை. அடுப்பில் ஏறக்குறைய கால் பங்கு எடை நீராகவும் கொழுப்பாகவும் போய்விடும். 200 கிராம் என்று சொல்லி 150 கிராம் அளவுக்கு வந்தால் அது ஏமாற்று அல்ல.

சிறிய எழுத்தில் என்ன பார்க்க வேண்டும்?

மூன்று இடங்கள். 'ஸ்டேக், கடல் உணவு, மது நீங்கலாக' என்ற வரி இருக்கிறதா? இருந்தால் நீங்கள் வந்த காரணத்துக்கே தள்ளுபடி கிடையாது. 'அதிகபட்சம் இத்தனை ரூபாய்' என்ற உச்சவரம்பு எவ்வளவு? வங்கி அட்டைச் சலுகைகளில் இது பெரும்பாலும் இருக்கும். ஆறு பேர் போகும் குடும்பத்துக்குப் பாதி விலை என்பது இந்த வரம்பினால் பத்துச் சதவீதமாகச் சுருங்கிவிடும். மூன்றாவது, முன்பதிவுக்குச் செயலியில் கட்டும் தொகை பில்லில் கழிக்கப்படுமா, வராவிட்டால் திரும்பக் கிடைக்குமா என்பது.

செயலியில் பணம் செலுத்தினால்தான் சலுகை என்று நிபந்தனை இருந்தால், மேசையில் அமர்ந்தவுடனேயே பரிமாறுபவரிடம் சொல்லிவிடுங்கள். பில் அச்சான பிறகு சொன்னால் இருவருக்கும் தலைவலி. செயலிகளின் அளவுக்கு மீறிய தள்ளுபடிகளுக்கு எதிராக 2019 ஆகஸ்டில் நாடு முழுவதும் உணவகங்கள் கூட்டமாக அவற்றிலிருந்து விலகிய வரலாறு உண்டு. தள்ளுபடியின் சுமை பெரும்பாலும் கடைக்காரர் தலையில்தான் விழுகிறது.

வரி எப்படிப் போடுவார்கள்?

தனியாக நடக்கும் உணவகத்தில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அறை வாடகை ஒரு நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போகும் பெரிய விடுதிகளுக்குள் இருக்கும் உணவகங்களில் 18 சதவீதம். சென்னையில் பெயர்பெற்ற ஸ்டேக் உணவகங்கள் சில இப்படிப்பட்ட விடுதிகளுக்குள்தான் இருக்கின்றன. எனவே வெளியே 1,000 ரூபாய், விடுதியில் 1,000 ரூபாய் என்று பட்டியலில் ஒன்றாகத் தெரிந்தாலும் பில்லில் 130 ரூபாய் வித்தியாசம் வரும்.

கடையே பில்லில் காட்டிக் கழிக்கும் தள்ளுபடி என்றால், குறைத்த தொகைக்குத்தான் வரி. வங்கியோ செயலியோ பிறகு திருப்பித் தரும் பணம் என்றால், முழுத் தொகைக்கு வரி கட்டியிருப்பீர்கள். மது ஜி.எஸ்.டி.க்குள் வராது, அதற்கு மாநில வரி தனி.

சேவைக் கட்டணம் கட்டியே ஆகவேண்டுமா?

வேண்டாம். பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அவற்றை உறுதிசெய்தது. வேறு பெயரில் சேர்ப்பதும் தவறு. நீக்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சென்னையில் ஸ்டேக் என்றால் எந்த இறைச்சி? சட்டப்படி சரிதானா?

மாட்டிறைச்சி விற்பதும் சாப்பிடுவதும் தமிழ்நாட்டில் சட்டப்படி சரியே. பசுவை அறுப்பதற்கு 1976-ஆம் ஆண்டு அரசாணை மூலம் தடை உண்டு. காளை, எருது, எருமை ஆகியவற்றுக்கு 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும்: பத்து வயதைத் தாண்டி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாது என்றோ, காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிவிட்டது என்றோ சான்று பெற்ற பிறகே அறுக்கலாம்.

இந்தச் சட்டம் உங்கள் தட்டில் நேராகத் தெரியும். அர்ஜென்டினாவிலும் அமெரிக்காவிலும் ஸ்டேக்குக்கென்று வளர்க்கும் மாடுகள் பொதுவாக இரண்டு, மூன்று வயதுக்குள் அறுக்கப்படுகின்றன. அமெரிக்க மாடுகள் பெரும்பாலும் தானியம் தின்பதால் தசைக்குள் கொழுப்பு பூத்திருக்கும். இங்கே வருவது வயல் உழுத, வண்டி இழுத்த, வைக்கோல் தின்ற வயதான விலங்கு. கொழுப்புக் குறைவு, நார் அதிகம், சுவை அழுத்தம். அதனால்தான் நம் ஊர்ச் சமையல்காரர்கள் அண்டர்கட்டை விட்டு நகர்வதில்லை. முதுகெலும்பின் அடியில், விலாவுக்குப் பின்னால் நீளமாக ஒட்டிக் கிடக்கும் தசை அது. நடப்பதற்கோ பாரம் இழுப்பதற்கோ அதற்கு வேலை இல்லாததால், எத்தனை வயதானாலும் அது மட்டும் மென்மையாகவே இருக்கிறது. விலைப்பட்டியலில் இதையே டெண்டர்லாயின் என்றும் ஃபில்லே என்றும் எழுதுவார்கள்.

காளையா எருமையா என்று கேட்டால் நல்ல கடைகள் மறைக்காமல் சொல்லும். எருமை என்றால் முகம் சுளிக்க வேண்டியதில்லை. நிறம் கொஞ்சம் ஆழமாக இருக்கும், கொழுப்பு இன்னும் குறைவு, நன்றாகப் பதப்படுத்தியிருந்தால் அருமையாக இருக்கும்.

பட்டியலில் ஜப்பான் வாக்யூ (தசைக்குள் கொழுப்பு நிறைந்த, விலை உயர்ந்த மாட்டிறைச்சி) என்று போட்டிருக்கிறதே?

இந்தியாவில் மாட்டிறைச்சி இறக்குமதிக்குத் தடை இருக்கிறது. எனவே அது எங்கிருந்து வந்தது என்று நேராகக் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அதற்கு வாக்யூ விலை கொடுக்காதீர்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆட்டிறைச்சி வருவது உண்மை. அந்த லாம்ப் சாப்ஸ் (எலும்போடு வெட்டிய ஆட்டுக்கறித் துண்டு) தள்ளுபடிக்குள் வந்தால் யோசிக்காமல் எடுக்கலாம்.

அண்டர்கட் தவிர வேறு எதை வாங்கலாம்?

தள்ளுபடி வாரத்தில் சர்லாயின், ரிப்-ஐ, டி-போன் என்று முதுகு, விலாப் பகுதித் துண்டுகளின் பெயர்கள் பெருகும். உள்ளூர் இறைச்சியில் இவற்றை மென்மையாகத் தருவதற்கு நாள்கணக்கில் குளிர்பதனத்தில் பக்குவப்படுத்தும் வசதியும் பொறுமையும் வேண்டும். "எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டு வாரம், மூன்று வாரம் என்று உடனே எண் சொன்னால் ரிப்-ஐ வாங்கலாம். கேள்வியே புரியாமல் விழித்தால் அண்டர்கட்டோடு நின்றுகொள்ளுங்கள்.

எந்தப் பக்குவம் சொல்வது? வெல் டன் (முழுக்க வெந்தது) கேட்டால் கேலி செய்வார்களா?

யாரும் கேலி செய்யக் கூடாது. காசு கொடுத்துச் சாப்பிடுபவர் நீங்கள். ஆனால் பக்குவத்தைப் புரிந்துகொண்டு சொன்னால் நல்ல துண்டு கெடாது.

துண்டின் நடுப்பகுதி எத்தனை டிகிரிக்குப் போகிறது என்பதுதான் எல்லாம். 50 டிகிரி செல்சியஸ் ஒட்டி ரேர், அதாவது உள்ளே ஏறக்குறைய பச்சை. 54 முதல் 57 வரை மீடியம் ரேர். 60 முதல் 63 வரை மீடியம். 71-ஐத் தாண்டினால் வெல் டன். மீடியம் ரேருக்கும் வெல் டன்னுக்கும் இடையே பதினைந்து டிகிரிதான். அந்தப் பதினைந்து டிகிரிக்குள் தசைநார்கள் சுருங்கி, உள்ளே இருந்த சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளிவிடுகின்றன. கொழுப்பு நிறைந்த இறைச்சியாவது அதைத் தாங்கும். நம் ஊர் அண்டர்கட்டில் கொழுப்பே இல்லை. வெல் டன் வரை போனால் காய்ந்துவிடும்.

முதன்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது மீடியம். நடுவில் இளஞ்சிவப்பு இருக்கும், சூடாக இருக்கும், பச்சை வாடை இருக்காது. அது பிடித்தால் அடுத்த முறை மீடியம் ரேர். சிவப்பைக் கண்டாலே சாப்பாடு இறங்காது என்பவர்கள் ஸ்டேக்கை வெல் டன்னாகக் கேட்பதைவிட, மெதுவாக வேகவைத்த விலா எலும்புக் கறியோ கோழியோ வாங்குவது நல்லது. அதே பணத்துக்கு அவர்கள் மகிழ்ச்சியாகச் சாப்பிடுவார்கள். வீட்டில் குக்கரில் ஆறு விசில் வைத்த கறியில் வளர்ந்த நாக்கு நம்முடையது. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

தட்டு வந்ததும் ஓரத்தில் வெட்டாதீர்கள், நடுவில் வெட்டுங்கள். வெளியே கரும்பழுப்பில் மொறுமொறுப்பான ஒரு மெல்லிய ஓடு. அதை ஒட்டி ஒரு கோடு போலச் சாம்பல். உள்ளே விளிம்பு முதல் விளிம்பு வரை ஒரே இளஞ்சிவப்பு. இப்படி இருந்தால் அடுப்பில் நின்றவர் கைதேர்ந்தவர். மேற்புறம் வெளிறி, சாம்பல் பட்டை விரலளவுக்கு இருந்து, நடுவில் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தால், கூட்ட நேரத்தில் ஒரே கல்லில் அளவுக்கு மேல் துண்டுகளைப் போட்டு, கல் சூடு இறங்கி, கறி வாடி வெந்திருக்கிறது. தள்ளுபடி வாரத்தின் சனிக்கிழமை இரவுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

நேரமும் ஒரு சாட்சி. மூன்று சென்டிமீட்டர் தடிமனுள்ள துண்டு மீடியத்துக்கு வர பத்து நிமிடம் அடுப்பில் இருக்க வேண்டும். பிறகு ஐந்து நிமிடம் ஓய்வு. சொன்ன ஐந்தாவது நிமிடத்தில் தட்டு வந்துவிட்டால், அது முன்பே பாதி வேகவைத்து அடுக்கிவைத்த துண்டு. காத்திருக்க வைக்கும் சமையலறையைக் கோபிக்காதீர்கள்.

தட்டில் சிவப்பாக வழிவது ரத்தமா?

இல்லை. தசையில் உள்ள மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். அறுத்தவுடனேயே ரத்தம் ஏறக்குறைய முழுவதும் வடிந்துவிடுகிறது.

முழுவதும் வேகாததைச் சாப்பிட்டால் உடம்புக்கு ஆகுமா?

முழுத் துண்டாக இருக்கும் இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கின்றன. கல்லில் நன்றாக வாட்டும்போது அவை அழிகின்றன. ஸ்டேக்கை உள்ளே சிவப்பாகச் சாப்பிட முடிவதற்குக் காரணம் அதுவே. ஆனால் முழுப் பாதுகாப்புக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்லும் அளவு 63 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும். அதாவது மீடியத்தின் மேல் எல்லை. கொத்துக்கறிக்கு 71, கோழிக்கு 74. பர்கரையோ கோழியையோ மீடியமாகக் கேட்கக் கூடாது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கடினமான துண்டுகளை மென்மையாக்க ஊசிப் பலகையால் குத்தும் பழக்கம் சில சமையலறைகளில் உண்டு. மேலே இருக்கும் கிருமி அப்போது உள்ளே போய்விடும். "ஊசி குத்தியதா, முழுத் துண்டா?" என்று கேட்டு, குத்தியது என்றால் நன்றாக வேகவைக்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் ஆகியோருக்குச் சிவப்புத் துண்டு வேண்டவே வேண்டாம்.

சிஸ்லரும் ஸ்டேக்கும் ஒன்றா?

இல்லை. சிஸ்லர் 1960-களில் மும்பையில் பிறந்த பழக்கம்: மரப்பலகையில் பொருத்திய இரும்புத் தட்டைப் பழுக்கக் காய்ச்சி, முட்டைக்கோஸ் இலை விரித்து, மேலே கறி, காய், சோறு, சாஸ் என்று எல்லாம் அடுக்கிப் புகையோடு கொண்டுவருவது. பார்க்க அழகு, குழந்தைகள் குதூகலிப்பார்கள். ஆனால் அந்தத் தட்டு மேசைக்கு வந்த பிறகும் சமைத்துக்கொண்டே இருக்கும். சிஸ்லரில் மாட்டுக்கறி கேட்டால், வேண்டியதைவிட ஒரு படி குறைவான பக்குவம் சொல்லுங்கள். கறியை உடனே தட்டின் மேல் உள்ள இலை மீது தள்ளிவைத்துவிடுங்கள். தள்ளுபடி வார விருந்துகளில் ஸ்டேக் என்ற பெயரில் சிஸ்லர் வருவதுண்டு. சாஸுக்கு அடியில் இறைச்சியின் தரம் தெரியாது. நல்ல துண்டு வேண்டும் என்றால் சாஸைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள்.

வீட்டில் மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களையும் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. கோழி, ஆடு, மீன், பன்னீர் எல்லாவற்றிலும் ஸ்டேக் என்று ஒன்று வைத்திருப்பார்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே கல்லில், ஒரே இடுக்கியால் புரட்டுகிறார்களா என்று முன்கூட்டியே கேட்டு, அதை வீட்டில் சொல்லிவிடுங்கள். உங்கள் மாமியாரோ அத்தையோ சாப்பிட்டு முடித்த பிறகு அவர்களுக்கு இது தெரியவருவது பெரிய அநியாயம். தனிக் கல் இல்லை என்றால், அடுப்பில் செய்த பாஸ்தாவோ காளான் சூப்போ அவர்களுக்குப் பொருத்தம். முழுச் சைவக் குடும்பத்தைத் தள்ளுபடிக்காக மட்டும் ஸ்டேக் கடைக்கு இழுத்துப் போகாதீர்கள்.

வஞ்சிரம் ஸ்டேக் நல்ல தேர்வு, ஒரு காலம் நீங்கலாக. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது வரும் வஞ்சிரம் வெளியூர்ச் சரக்காகவோ உறையவைத்ததாகவோ இருக்க வாய்ப்பு அதிகம், விலையும் ஏறியிருக்கும்.

எந்த நாள், எந்த நேரம் போவது நல்லது?

வார நாட்களில் மதியம். இரவுதான் முடியும் என்றால் ஏழு மணி முதல் அமர்வு. கல் புதிதாகச் சூடேறியிருக்கும், சமையல்காரர் களைத்திருக்க மாட்டார். ஒன்பது மணி அமர்வில் முதல் கூட்டம் எழுந்திருக்கவே தாமதமாகும். காதர் நவாஸ் கான் சாலையிலோ டி.டி.கே. சாலையிலோ வாசலில் நின்று காத்திருக்க வேண்டிவரும். வண்டி நிறுத்த இடம் தேடும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். ஒரு மேசைக்கு இரண்டு மணி நேரம் என்ற விதி பல இடங்களில் உண்டு.

மது கிடைக்குமா?

விடுதிகளுக்குள் இருக்கும் உணவகங்களில் கிடைக்கும். தனியாக நடக்கும் உணவகங்கள் பெரும்பாலானவற்றில் உரிமம் இல்லை; கையில் எடுத்துப்போய் அங்கே குடிப்பதும் சட்டப்படி தவறு. வயது 21 ஆகியிருக்க வேண்டும். ஸ்டேக்கோடு எலுமிச்சைச் சோடா உப்புப் போட்டுக் குடித்துப் பாருங்கள், நெய்ப்பும் மிளகுக் காரமும் உடனே அடங்கும்.

அம்மாவுக்குப் பல் வலுவில்லை, கத்தி முள்கரண்டியும் பழக்கமில்லை. என்ன செய்வது?

சமையலறையிலேயே மெல்லிய வில்லைகளாக, நாருக்குக் குறுக்காக வெட்டித் தரச் சொல்லுங்கள். நல்ல கடை மறுக்காது. குறுக்கே வெட்டினால் நார் துண்டுதுண்டாகி, மெல்வது பாதி எளிதாகிவிடும். பிறகு கையால் எடுத்துச் சாப்பிடலாம். கையால் சாப்பிடுவதைப் பார்த்துப் பக்கத்து மேசை என்ன நினைக்கும் என்று அம்மாவைக் கூச்சப்பட விடாதீர்கள்.

கேட்ட பக்குவத்தில் வரவில்லை. திருப்பி அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் முதல் இரண்டு வாய்க்குள். பாதி சாப்பிட்டுவிட்டுச் சொல்வது நியாயமில்லை. வேகாதது என்றால் மறுபடி இரண்டு நிமிடம் கல்லில் போட்டால் சரியாகிவிடும். அதிகம் வெந்ததைத் திருத்த வழியில்லை. புதுத் துண்டுதான் தரவேண்டும். "தம்பி, மீடியம் கேட்டோம், நடுவில் சிவப்பே இல்லை பாருங்கள்" என்று வெட்டிய பக்கத்தைக் காட்டிச் சொன்னால் போதும். குரல் உயர்த்த வேண்டியதில்லை. தள்ளுபடி விலைக்கு இதுதான் வரும் என்று யாராவது சொன்னால், அதை ஏற்க வேண்டாம், மேலாளரைக் கூப்பிடுங்கள். விலையைத்தான் குறைத்திருக்கிறார்கள், பட்டியலில் எழுதிய துண்டு அப்படியே வரவேண்டும். பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கும். கெட்டுப்போன உணவு பற்றிப் புகார் செய்ய அது உதவும்.

டிப்ஸ் எவ்வளவு?

தள்ளுபடிக்கு முந்தைய தொகையைப் பார்த்துக் கொடுங்கள். வழக்கமான நாளைவிட இரண்டு மடங்கு மேசைகளை அந்தப் பிள்ளைகள் கவனிக்கிறார்கள். பலர் மணிப்பூரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து, நமக்காகத் தமிழ் கற்றுக்கொண்டு, இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் அறைக்குத் திரும்புகிறவர்கள். பில் பாதியானதால் அவர்கள் டிப்ஸும் பாதியாவது எனக்கு மனம் ஒப்பாத விஷயம். செயலியில் சேர்க்காமல் கையில் பணமாகக் கொடுங்கள்.

மீந்ததைக் கட்டிக்கொண்டு வரலாமா?

கட்டாயம் கேட்டு வாங்குங்கள். ஸ்டேக்கைத் தனியாக, உருளைக்கிழங்கு மசியலையும் சாஸையும் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். சென்னை வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும், ஈ.சி.ஆர். தாண்டி வீடு இருந்தால் கட்டாமல் அங்கேயே முடித்துவிடுங்கள்.

மறுநாள் அதை மைக்ரோவேவில் சுடவைத்தால் தோலாகிவிடும். குளிர்ந்தபடியே நாருக்குக் குறுக்காக மெல்லியதாக நறுக்குங்கள். வாணலியில் நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், இரண்டு கொத்துக் கறிவேப்பிலை, கீறிய பச்சை மிளகாய் போட்டு வெங்காயம் சிவந்ததும், ஒன்றிரண்டாக இடித்த மிளகைத் தூவி, கடைசியாகக் கறியைச் சேர்த்து, நன்றாகச் சூடேறும் வரை புரட்டி இறக்குங்கள். உப்பு ஏற்கனவே கறியில் இருக்கிறது, பார்த்துப் போடுங்கள். சூடான சோறும் ரசமும் இருந்தால் 80 கிராம் மீதிக் கறி இரண்டு பேருக்குப் போதும்.